மூட்டு ஆபரேஷனில் தொற்று: நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போட்டவர்கள் உதவுங்கள்

வணக்கம். போன வருடம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. ஒன்பதாம் நாள் தையல் ஓரத்தில் சீழ் வடிந்து கட்டுத்துணி மஞ்சளாக நனைந்திருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன், நர்ஸிடம் சொன்னதற்கு இதெல்லாம் சாதாரணம் என்று துடைத்துவிட்டுப் போய்விட்டார். சீழைப் பரிசோதித்த கல்ச்சர் ரிப்போர்ட்டில் எம்ஆர்எஸ்ஏ, அதாவது பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமி. கடைசியில் வைத்த செயற்கை மூட்டையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அம்மா இன்னும் வாக்கரைப் பிடித்துத்தான் நடக்கிறார், பார்க்கவே மனசு தாங்கவில்லை.

இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், கட்டிய பில் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இவ்வளவும் தெரியும். கேஸ் ஷீட்டை (மருத்துவமனையின் முழு சிகிச்சைப் பதிவு), கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகியும் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான் கையில்.

தொற்று வந்தது மட்டும் போதாது, கவனக்குறைவை நாம்தான் நிரூபிக்க வேண்டும் என்கிறார் வக்கீல். சரி, அதற்கு வேறு மருத்துவரின் கருத்தை யாரிடம் எப்படி வாங்கினீர்கள்? ஆபரேஷன் தியேட்டரின் ஸ்டெரிலைசேஷன் (கிருமிநீக்க) பதிவேட்டை ஆணையம் மூலமாகக் கேட்டு வாங்கியவர் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.