மேட்டூர் நீர்க்கணக்கு நிரல்: 25,000 கன அடி கொடுத்தால் விடை எதிர்மறையாக வருகிறது

மன்னார்குடி மாணவி:
வணக்கம். கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மேட்டூரிலிருந்து வினாடிக்கு இத்தனை கன அடி திறக்கப்படுகிறது என்று செய்தியில் வருவதை, ஒரு நாளுக்கு எத்தனை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) என்று மாற்றிச் சொல்லும் நிரல் ஒன்றை, குறுவைக்குத் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் அப்பாவுக்காக ஜாவாவில் எழுதினேன். 24,000 கொடுத்தால் 2 வருகிறது. 25,000 கொடுத்தால் −2. 10,000 கொடுத்தால் சுழியம். பெருக்கிய விடையை வைக்கும் மாறியை லாங் (பெரிய முழு எண்களுக்கான வகை) என்று மாற்றியும் பயனில்லை. எங்கே தவறுகிறேன்?

கும்பகோணம் நிரலாளர்:
சகோதரி, இரண்டு பிழைகள் ஒன்றாகக் கலந்திருப்பதால்தான் பிடிபடவில்லை. ஜாவாவில் இன்ட் என்ற முழு எண் வகை 32 பிட் கொண்டது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள் என்பதால் 24,855 கன அடி வரை பெருக்குத்தொகை அதற்குள் நிற்கிறது, 24,856-இல் எல்லையைக் கடந்து எதிர்மறைப் பக்கம் சுற்றிவிடுகிறது. ஜாவா இதற்குப் பிழைச் செய்தி எதுவும் தருவதில்லை. சமக்குறிக்கு வலப்புறம் உள்ள இரண்டும் இன்டாக இருக்கும்வரை பெருக்கலும் இன்டிலேயே நடக்கும். கெட்டுப்போன விடைதான் லாங்கில் போய்ச் சேரும். 86400-ஐ ஒட்டி எல் என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தைச் சேருங்கள், பெருக்கலே லாங்கில் நடக்கும். சுழியம் வருவது வேறு காரணத்தால்: முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னப் பகுதி உதிர்ந்துவிடும். வகுக்கும் எண்ணை 1000000000.0 என்று எழுதி, விடையை டபுள் என்ற பதின்ம எண் வகையில் வாங்குங்கள்.

மன்னார்குடி மாணவி:
மிக்க நன்றி, அண்ணா. 10,000-க்கு 0.864, 25,000-க்கு 2.16 என்று சரியாக வருகிறது. எல்லையில் உள்ள 24,855, 24,856 இரண்டையும் கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

தஞ்சாவூர் மின்னணுவியல் மாணவர்:
இதை ஆர்டுயினோ யூனோ ஆர்3 என்ற சிறு மின்னணுப் பலகைக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் கவனம் தேவை. அங்கே இன்ட் 16 பிட்தான். 32,767-க்கு மேல் கொள்ளாது என்பதால், வெள்ளக் காலத்து 40,000 கன அடியை உள்ளீடாக வாங்கும்போதே பிழை வந்துவிடும்.

திருவாரூர், ஓய்வுபெற்ற பொறியாளர்:
அம்மா, நிரல் சரியாகிவிட்டது. ஆனால் அப்பாவுக்கு அந்த எண் உதவ வேண்டுமென்றால் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். காலை நிலவரத்தை நாள் முழுவதற்கும் பெருக்காதீர்கள். திறப்பளவு நண்பகலில் மாறினால் ஒவ்வோர் அளவையும் அது நீடித்த வினாடிகளால் தனித்தனியே பெருக்கிக் கூட்டுங்கள். மேலும், மேட்டூரில் திறந்த நீர் அன்றே உங்கள் வயலை எட்டாது, முழுவதும் உங்கள் பக்கம் திரும்புவதும் இல்லை. கல்லணையில் அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிகிறது. வெண்ணாற்றில் வருவதும் நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் (நீரைப் பிரித்துவிடும் மதகில்) மறுபடி பிரிந்த பிறகே பாமணி ஆறு உங்கள் ஊருக்கு வருகிறது. ஆகவே மேட்டூர் அளவோடு, கல்லணையில் வெண்ணாற்றுக்கு விடப்படும் அளவையும் தனி உள்ளீடாகச் சேருங்கள். அப்பா முதலில் பார்ப்பது அதைத்தான்.