ஈறு நோய்க் கிருமியால் முடக்குவாதம் வருமா? அம்மா மாத்திரையை நிறுத்தலாமா என்கிறார்

செல்வி, வில்லாபுரம்:
அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுபவர். கொஞ்ச நாளாகவே காலையில் விரல்கள் மடங்குவதில்லை, அது சரியாவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது, மணிக்கட்டும் வீங்கியிருக்கிறது. ஆன்டி சிசிபி என்ற ரத்த டெஸ்ட் பாசிட்டிவ், முடக்குவாதம்தான் (ருமாட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) என்று சொல்லி வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இதற்கிடையில் பல் டாக்டர் ஈறில் சீழ் இருப்பதைப் பார்த்துவிட்டு, மூட்டு வலிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்றார். உடனே பக்கத்து வீட்டு அத்தை, "கிருமிதானே, ஆன்டிபயாட்டிக் போட்டால் போச்சு, அந்தக் கடுமையான மாத்திரை எதுக்கு?" என்கிறார். அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல் மருத்துவர், அண்ணா நகர்:
உங்கள் பல் டாக்டர் சும்மா சொல்லவில்லை. ஈறு நோயில் பெருகும் பார்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவிடம் ஒரு என்சைம் இருக்கிறது, அது புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை சிட்ருலினாக மாற்றிவிடும். அப்படி மாறிய புரதத்தை நம் உடம்பு அந்நியமாக நினைத்து எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்கலாம், அம்மாவுக்கு எடுத்த ஆன்டி சிசிபி டெஸ்ட் தேடுவது இந்த வகை எதிர்ப்பொருளைத்தான். மூட்டு வலி வருவதற்குப் பல வருடம் முன்பே இது ரத்தத்தில் தென்படுவதுண்டு, அதனால்தான் நோய் மூட்டில் தொடங்காமல் வாயிலோ நுரையீரலிலோ குடலிலோ தொடங்குகிறதோ என்று ஆராய்கிறார்கள். 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் இன்னொரு ஈறு பாக்டீரியாவையும் இதோடு தொடர்புபடுத்தினார்கள்.

ஆனால் ஈறு நோய் உள்ள பெரும்பாலானவர்களுக்கு முடக்குவாதம் வருவதே இல்லை. மரபணு, புகைபிடித்தல் எல்லாம் சேர வேண்டும். கை விறைத்தவர்களால் பல்லை ஒழுங்காகத் தேய்க்க முடியாமல் ஈறு கெடுவதும் உண்டு, எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

முருகேசன், மேலூர்:
தங்கச்சி, தயவுசெய்து அம்மாவை மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். எனக்கும் இதே நோய்தான். கிருமி ஆரம்பித்து வைத்திருந்தாலும், அதன் பிறகு தாக்குவது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியேதான், கிருமியைக் கொன்றால் அது அடங்கிவிடாது. 1990களில் மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள், கொஞ்சம் பலன் இருந்தது, ஆனால் அந்த மருந்துக்கே வீக்கத்தைக் குறைக்கும் குணம் உண்டு என்பதால் கிருமி செத்ததால்தான் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. இன்றும் முதலில் தருவது மெத்தோட்ரெக்சேட்தான். சிகிச்சை இல்லாவிட்டால் முதல் ஓரிரு வருடத்திலேயே மூட்டு எலும்பு அரிக்க ஆரம்பித்துவிடலாம், அரித்தது திரும்பாது.

லேப் டெக்னீஷியன், திருமங்கலம்:
மூட்டு வலி என்றதும் சிலர் எடுக்கச் சொல்லும் ஏஎஸ்ஓ என்ற ரத்த டெஸ்டை வைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்துபோனதைக் காட்டுவது. தொண்டைத் தொற்றுக்குப் பிறகு குழந்தைகளுக்கு வரும் ருமாட்டிக் காய்ச்சல் வேறு நோய், அதற்குத்தான் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பென்சிலின் ஊசி. முடக்குவாதத்துக்கு அந்த ஊசி போட்டு எந்தப் பயனும் இல்லை.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பயம். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் மெடிக்கலில் தாங்களாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கவே கூடாது. கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் இதோடு சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். பல் டாக்டரிடமும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

செல்வி, வில்லாபுரம்:
ரொம்ப நன்றி. ஈறு சிகிச்சையும் மாத்திரையும் சேர்ந்தே நடக்கட்டும், இதை அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். பிரஷ்ஷைப் பிடிக்கவே சிரமப்படுகிறார், அதற்கு ஏதாவது வழி உண்டா?

பல் மருத்துவர், அண்ணா நகர்:
கைப்பிடியில் துணியைத் தடிமனாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுங்கள், விரலை முழுக்க மடக்காமலே பிடிக்கலாம். துணியை அடிக்கடி மாற்றுங்கள். விறைப்பு தளர்ந்த பிறகு தேய்த்தால் போதும், எழுந்த உடனே வேண்டாம்.