அக்குள் நிணநீர்க் கணுக்களின் அமைப்பு மார்பகப் புற்றுநோயால் எவ்வாறு மாறுகிறது?

கேள்வி: காரைதீவு மகள்

வணக்கம். எனது அம்மாவுக்கு வயது 61. இடது மார்பகத்தில் ஊடுருவும் வகைப் புற்றுநோய் இருப்பது உறுதியாகியுள்ளது. சத்திரசிகிச்சைக்கு முன்னர் அக்குளில் எடுத்த ஸ்கேன் அறிக்கையில் இரண்டு நிணநீர்க் கணுக்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒன்று 18 மில்லிமீற்றர் நீளமானது. அது வழமையான தோற்றமுடையதாம். மற்றையது 11 மில்லிமீற்றர் மட்டுமே; ஆனால் அதன் புறணி (வெளிப்பகுதி) 5 மில்லிமீற்றர் வரை தடித்து ஓரிடத்தில் புடைத்துள்ளதாகவும், நடுவிலுள்ள கொழுப்புப் பகுதி ஒரு பக்கமாக ஒதுங்கியுள்ளதாகவும், ஆகவே ஊசி மூலம் மாதிரி எடுக்க வேண்டும் எனவும் குறிப்பிட்டுள்ளார்கள்.

பெரிய கணுவை விட்டுவிட்டுச் சிறியதை ஏன் சந்தேகிக்கிறார்கள்? கையால் தடவிப் பார்த்தால் அக்குளில் எதுவும் தட்டுப்படவில்லை என்பதால், பயப்பட ஒன்றுமில்லை என்று பெரியம்மா சொல்கிறார். கிளினிக்கில் நெரிசல் அதிகமாக இருந்ததால் விளக்கமாகக் கேட்க முடியவில்லை. விடயம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: ஆய்வுகூடத்தார், மட்டக்களப்பு

சகோதரி, நோயியல் ஆய்வுகூடத்தில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் அமைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சிகிச்சை பற்றிய முடிவுகள் அம்மாவைப் பார்க்கும் வைத்திய நிபுணருக்குரியவை.

நிணநீர்க் கணு என்பது உடலின் இழையங்களிலிருந்து வடியும் நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சு. ஆரோக்கியமான கணு அவரை விதையின் வடிவில் இருக்கும். வெளியே மெல்லிய உறை, அதன் உட்புறம் நிணநீர் பரவும் ஒடுக்கமான இடைவெளி, அதற்கும் உள்ளே நோயெதிர்ப்புக் கலங்கள் செறிந்த புறணி, குழிந்த பக்கத்தில் குருதிக் கலன்கள் உட்செல்லும் வாயில் என்பதே அதன் ஒழுங்கு. அந்த வாயிலைச் சுற்றிக் கொழுப்பு படிந்திருக்கும். வயது கூடும்போது அக்கொழுப்பும் கூடுவதால், அறுபது வயதைத் தாண்டியவர்களின் கணு நீளத்தில் பெரிதாக இருந்தாலும் அதன் பெரும்பகுதி வெறும் கொழுப்பாகவும், புறணி மெல்லிய விளிம்பாகவும் இருப்பது சாதாரணம். உங்கள் அம்மாவின் 18 மில்லிமீற்றர் கணுவை வழமையானது என எழுதியதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

மார்பகத்திலிருந்து வரும் நிணநீர்க் கான்கள் கணுவின் குவிந்த பக்கத்தில், உறையைத் துளைத்துக்கொண்டே நுழைகின்றன. ஆகையால் நிணநீரோடு வரும் புற்றுநோய்க் கலங்கள் முதலில் தங்குமிடம் உறைக்குக் கீழேயுள்ள அந்த இடைவெளிதான். அங்கே பெருகத் தொடங்கியபின் அவை புறணிக்குள் இறங்கி, அங்குள்ள நோயெதிர்ப்புக் கலங்களை இடம்பெயர்த்து, அவ்விடத்தை மாத்திரம் வெளிநோக்கித் தள்ளுகின்றன. ஸ்கேனில் தெரியும் 'ஓரிடப் புடைப்பு' பெரும்பாலும் இதைத்தான் காட்டுகிறது. பெருக்கம் தொடர்ந்தால் கொழுப்பு வாயில் முதலில் ஒதுங்கும், பின்னர் மறையும். நீள்வட்டமாக இருந்த கணு உருண்டையாகும். வாயில் வழியாக மட்டும் வந்த குருதியோட்டம் உறையின் பக்கத்திலிருந்தும் வரத் தொடங்கும். கடைசியில் உறையே உடைந்து, கலங்கள் சூழவுள்ள கொழுப்பினுள் பரவினால், கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

இதனால்தான் கதிரியல் நிபுணர்கள் நீளத்தைவிடப் புறணியின் தடிப்பையே கூர்ந்து பார்க்கிறார்கள். 3 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் சந்தேகிப்பது பரவலான நடைமுறை. பெரியம்மாவின் பேச்சை மரியாதையோடு ஒதுக்கி வையுங்கள். கையால் தடவி அறியக்கூடிய நிலைக்கு வருமுன்னரே கணுவின் உள்ளமைப்பு கணிசமாக மாறியிருக்க முடியும்.

பதில்: கல்லடி அக்கா

மேலே எழுதியவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சிகிச்சை பெற்றவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், தங்கச்சி. ஊசிப் பரிசோதனையில் புற்றுநோய்க் கலம் இல்லை என்று வந்தாலும் அதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. எனக்கு அப்படித்தான் வந்தது. பின்னர் சத்திரசிகிச்சையின்போது நீலச் சாயம் செலுத்தி, நிணநீர் முதலில் சென்றடையும் காவற் கணுவைக் கண்டுபிடித்து எடுத்துச் சோதித்தபோது, புற்றுநோய்க் கலங்களின் மிகச் சிறிய படிவொன்று இருந்தது. ஊசி தொட்ட இடத்தில் நோய் இல்லையென்றால், பக்கத்திலும் இல்லையென்று ஆகிவிடாது. அக்குளில் எண்ணெய் தேய்த்து உருவிவிடச் சொல்பவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் உள்ளார்கள். தயவுசெய்து அதற்கு இடங்கொடுக்க வேண்டாம்.

மறுமொழி: காரைதீவு மகள்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகங்கள் உள்ளன. புற்றுநோய்க் கலங்கள் வந்து சேர்ந்தால் மட்டுந்தான் கணுவின் அமைப்பு மாறுமா? முதலில் மருந்தேற்றி, பிறகு சத்திரசிகிச்சை செய்யலாம் என்றும் வைத்தியர் கூறினார். மருந்தினால் கணு பழைய நிலைக்குத் திரும்புமா?

பதில்: ஆய்வுகூடத்தார், மட்டக்களப்பு

முதற் கேள்விக்கு, இல்லை என்பதே பதில். மார்பகக் கட்டியிலிருந்து வரும் நிணநீர் அங்கிருந்து புரதங்களையும் சமிக்ஞைப் பதார்த்தங்களையும் சுமந்து வருவதால், ஒரு புற்றுநோய்க் கலம்கூட வந்து சேராத கணுவிலும் மாற்றம் காணப்படுகிறது. நிணநீர் இடைவெளிகள் விரிந்து விழுங்கற் கலங்களால் நிரம்புவதுண்டு. புறணியில் நோயெதிர்ப்புக் கலங்கள் பெருகும் மையங்கள் பெரிதாவதுண்டு. புதிய நிணநீர்க் கான்கள் முளைப்பதும் அவதானிக்கப்பட்டுள்ளது. இவற்றுட் சில உடலின் எதிர்ப்பைக் காட்டுகின்றன. வேறு சில, பின்னர் வரப்போகும் கலங்களுக்கு இடமமைத்துக் கொடுப்பவையாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்தப் பகுதிதான் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. இவ்வாறு எதிர்வினையால் பருத்த கணுவில் புறணி பெரும்பாலும் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தடிக்கும், கொழுப்பு வாயிலும் நடுவிலேயே இருக்கும். கையில் புண், அண்மையில் போட்ட தடுப்பூசி ஆகியவையும் அந்தப் பக்கத்துக் கணுக்களைப் பருக்கச் செய்யும் என்பதால், அப்படி ஏதுமிருந்தால் ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது பரவலின் அளவும் முக்கியமாகிறது. 2 மில்லிமீற்றரை விடப் பெரிய படிவை முழுமையான பரவல் என்றும், 0.2 முதல் 2 மில்லிமீற்றர் வரையானதை நுண்பரவல் என்றும், அதிலும் சிறியதைத் தனித்த கலங்கள் என்றும் வகுப்பார்கள்; தனித்த கலங்கள் மட்டுமே உள்ள கணுவை, நோய் பரவிய கணுக்களின் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின்னர் கிடைக்கும் அறிக்கையில் உறை உடைந்துள்ளதா என்ற வரியையும் தேடிப் பாருங்கள், ஏனெனில் கதிர்வீச்சுச் சிகிச்சை பற்றிய முடிவில் அதுவும் கவனிக்கப்படும்.

மருந்தேற்றியபின் சிலருக்குப் புற்றுநோய்க் கலங்கள் முற்றாக அழிந்துவிடுவதுண்டு. ஆனால் அந்த இடம் பழையபடி புறணியாக மாறிவிடும் என்பதில்லை. நார்த்தழும்பும், சிதைவுகளை விழுங்கிய நுரைபோன்ற கலங்களும் அங்கே எஞ்சியிருந்து, முன்னர் நோய் இருந்ததை எங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். ஸ்கேனில் கணு சுருங்கி வழமையாகத் தோன்றினாலும் உள்ளே கலங்கள் மிஞ்சியிருக்கக்கூடும் என்பதால், கணுவை எடுத்துச் சோதிப்பது அப்போதும் தேவைப்படும். சுருங்கிய கணுவைப் பிறகு தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே ஊசிப் பரிசோதனையில் நோய் உறுதியானால், மருந்து தொடங்குமுன் அந்தக் கணுவில் சிறிய உலோக அடையாளம் வைக்க வசதியுண்டா என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். இப்போதுள்ள ஸ்கேன் அறிக்கையையும் படங்களையும் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் கொண்டுசெல்லுங்கள்.