புதுப்பிப்பு: வீட்டுச் சேமிப்புப் பெட்டியும் அம்மாவின் லினக்ஸும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டில் குடும்பப் படங்களை வைக்க எந்த நெட்வொர்க் சேமிப்பு (வீட்டுக் கணினிகள் பகிர்ந்துகொள்ளும் வட்டுப் பெட்டி), அம்மாவின் கணினிக்கு எந்த லினக்ஸ் (விண்டோஸ் போன்ற ஓர் இலவச இயங்குதளம்) என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, முடிவாகிவிட்டது.

பெட்டியை இயக்கும் ட்ரூநாஸ் மென்பொருளுக்கு 8 ஜிபி ரேமாவது வேண்டும். பழைய பெட்டியில் 4தான். அதனால் குறைந்த ரேமிலும் ஓடும் ஓபன்மீடியாவால்ட். 4 டிபி வட்டு இரண்டு, ரெய்டு 1, அதாவது இரண்டிலும் ஒரே படங்கள் பதியும். ஒரு வட்டு போனாலும் படம் தப்பும். ஆனால் தவறி அழித்தால் இரண்டிலும் அழியும்; இடி மின்னலில் இரண்டுமே போகலாம். இங்கே இடிக்குக் கேட்கவா வேண்டும்! வாரம் ஒருமுறை வெளிவட்டில் நகலெடுத்து, கேபிளைக் கழற்றி அலமாரியில் வைக்கிறேன்.

அம்மாவுக்கு லினக்ஸ் மின்ட். கோப்பு மேலாளரின் இடப்பக்கம் 'நம்ம வீட்டுப் படங்கள்' என்று தமிழில் அந்தப் பெட்டிக்குப் புத்தகக்குறி போட்டேன். அப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை. நேற்று, அப்பா பால்மரம் வெட்டும் (ரப்பர் மரத்தில் பால் எடுக்கும்) படத்தை அம்மாவே திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.