ரெட் டீம் போட்டா நிஜமாவே பலன் இருக்கா, இல்ல கணக்குக்கு வெக்கிறதா?

நிலாமுற்றம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பாதுகாப்பு ஆய்வுகள் முதுகலை படிக்கிறேன், அடுத்த மாசம் செமினார் கொடுக்கணும், தேசப் பாதுகாப்பு வியூகத்துல ரெட் டீமிங்கும் ஆல்டர்னேட்டிவ் அனாலிசிஸும்னு தலைப்பு. ரெண்டு வாரமா படிக்கிறேன், எங்க பார்த்தாலும் நம்ம திட்டத்தை எதிராளி கண்ணால பாரு, உன் முடிவை நீயே சந்தேகப்படுன்னுதான் இருக்கு. இது ரெண்டும் ஒண்ணா வேறயா, அது முதல் குழப்பம். ரெண்டாவதுதான் உறுத்துது. 1973ல எகிப்தும் சிரியாவும் திடீர்னு தாக்கின யோம் கிப்பூர் போர்ல ஏமாந்தப்புறம் இஸ்ரேல் ராணுவ உளவுத்துறை எதிர்வாதம் பண்றதுக்குன்னே தனியா ஒரு பிரிவு வெச்சாங்க, அந்தப் பிரிவு இருக்கும்போதேதான் 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதல் நடந்துச்சு. அப்போ இதால என்ன பிரயோஜனம்னு சபையில யாராவது எழுந்து கேட்டா நான் என்ன சொல்றது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மறுபக்கம் பதில்:

முதல் குழப்பத்தை முதல்ல முடிச்சிடலாம். ஆல்டர்னேட்டிவ் அனாலிசிஸ்ங்கறது கையில இருக்கற அதே தகவலுக்கு வேற அர்த்தம் இருக்க முடியுமான்னு தேடிப் பார்க்கறது. ரெட் டீம்ங்கறது எதிராளியாவே உக்காந்து உங்க திட்டத்தை உடைக்கப் பார்க்கறது. ஒண்ணு கணிப்பைச் சோதிக்குது, இன்னொண்ணு திட்டத்தைச் சோதிக்குது. நடைமுறையில ரெண்டையும் ஒரே ஆளுங்களே செய்வாங்க, பேரும் மாறி மாறி வரும், அதுல ரொம்ப மண்டைய உடைச்சுக்காதீங்க.

உங்களுக்கு உதாரணம் வேணும்னா ஈராக் அலுமினியக் குழாய் கதையை எடுத்துக்கோங்க, எனக்குத் தெரிஞ்சு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. 2002 அக்டோபர்ல அமெரிக்க உளவு அமைப்புகள் சேர்ந்து ஈராக்கோட பேரழிவு ஆயுதங்கள் பத்தி ஒரு மதிப்பீடு கொடுத்தாங்க. ஈராக் வாங்கப் பார்த்த குழாய்கள் எல்லாம் அணுகுண்டுக்காக யுரேனியம் செறிவூட்டுற சென்ட்ரிஃபியூஜுங்கற சுழல் கருவிக்குத்தான்னு சிஐஏ அடிச்சுச் சொல்லுச்சு. ஆனா சென்ட்ரிஃபியூஜ் பத்தி அந்த நாட்டுலயே அதிகம் தெரிஞ்சவங்க எரிசக்தித் துறை ஆளுங்க, அவங்க இது 81 மில்லிமீட்டர் ராக்கெட்டோட அளவுக்குத்தான் சரியா பொருந்துதுன்னு சொன்னாங்க. வெளியுறவுத் துறையோட உளவுப் பிரிவும் ஒத்துக்கல. அவங்க ஆட்சேபம் எங்கயும் தொலைஞ்சு போகல, அந்த மதிப்பீட்டுக்குள்ளயே அச்சாகியிருக்கு! இருந்தும் முடிவெடுத்தவங்க யாரும் அதுக்குப் பதில் சொல்லியே ஆகணும்ங்கற கட்டாயம் இல்ல, போர் நடந்துச்சு, அப்புறம் தேடிப் பார்த்தா அணு ஆயுதத் திட்டமே இல்ல. 2004ல கொண்டுவந்த உளவுத்துறை சீர்திருத்தச் சட்டத்துல மாற்றுப் பகுப்பாய்வுக்குன்னு தனியா ஒரு பிரிவு வந்ததுக்கு இந்த அடி ஒரு முக்கியக் காரணம்.

அதனால உங்க ரெண்டாவது கேள்விய நான் கொஞ்சம் திருப்பிக் கேக்கறேன். மாற்றுக் கருத்து இருந்துச்சாங்கறதை விட, அது வந்தப்புறம் யார் என்ன பண்ணாங்கன்னு பாருங்க.

பழைய வரைபடம் பதில்:

மறுபக்கம் சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் சீருடையில இருந்த காலத்துல வரைபடப் பயிற்சிகள்ல எதிரி பக்கம் நிறைய தடவை உக்காந்திருக்கேன். ஒரு தடவை நீலப் படையோட, அதாவது நம்ம பக்கத்தோட, மொத்த சப்ளையும் ஒரே பாலத்தை நம்பி இருந்துச்சு, நான் முதல் நாள் காலையிலயே அந்தப் பாலத்தை அடிச்சிட்டேன். சாயங்காலம் நடுவர் வந்து பாலம் ரிப்பேர் ஆயிடுச்சுன்னு வெச்சுக்கோங்க, இல்லன்னா மீதி மூணு நாள் புரோகிராம் என்ன ஆறதுன்னாரு. அவர் மேல கோவம் இல்ல, அவருக்கு மேலிருந்து அட்டவணை கொடுத்திருக்காங்க. ஆனா அந்தப் பயிற்சி ரிப்போர்ட்ல பாலம் பத்தி ஒரு வரி கூட வரல, அது இன்னிக்கும் மனசை அரிக்குது.

இதேதான் பெரிய அளவுல 2002ல அமெரிக்க ராணுவத்தோட மில்லேனியம் சேலஞ்ச் போர்ப் பயிற்சில நடந்துச்சு. கிட்டத்தட்ட 25 கோடி டாலர் செலவு. எதிரிப் படைக்குத் தலைமை ஓய்வுபெற்ற மரைன் ஜெனரல் பால் வான் ரைப்பர். ரேடியோல பேசினா ஒட்டுக் கேப்பாங்கன்னு மோட்டார் சைக்கிள்ல ஆள் அனுப்பிச் செய்தி சொன்னாரு, ஏவுகணைகளைக் கொத்தா ஏவி சின்னச் சின்னப் படகுகளையும் விட்டு கணக்குல 16 போர்க்கப்பலை முழுகடிச்சிட்டாரு. உடனே கப்பலை எல்லாம் மறுபடி மிதக்க விட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாங்க, இவருக்கு மட்டும் இதைச் செய்யாதே அதைச் செய்யாதேன்னு ஏகப்பட்ட கட்டுப்பாடு. பாதியிலயே விலகிட்டாரு.

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். ஆயிரக்கணக்கான நிஜப் படை அந்தப் பயிற்சிக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க, முதல் கட்டத்துலயே முடிஞ்சிடுச்சுன்னு வீட்டுக்கு அனுப்ப முடியாது, அதனால மறுபடி ஆரம்பிச்சது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். முதல் தடவை ஏன் முழுகுச்சுன்னு உக்காந்து பேசி, அதைச் சரி பண்ணிட்டு ஆரம்பிச்சிருக்கணும். எதிரி கையைக் கட்டிட்டு ஜெயிச்சா அதுல நமக்கு என்ன தெரிய வரும்?

எதிர்நீச்சல் பதில்:

எல்லாரும் மாற்றுக் கருத்து சொல்றவங்க எப்பவும் சரி மாதிரி பேசறீங்க, அங்க நான் மாறுபடறேன். 1976ல சிஐஏ தலைவரா இருந்த ஜார்ஜ் புஷ், பின்னாடி ஜனாதிபதி ஆனாரே அந்த சீனியர் புஷ், சோவியத் பத்தின சிஐஏ கணிப்பைச் சோதிக்க வெளியாளுங்களைக் கூப்பிட்டாரு. டீம் பின்னு பேரு. சோவியத் நோக்கங்களை ஆராய்ஞ்ச குழுவுக்கு வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் பைப்ஸ் தலைவர். சோவியத்தைக் கடுமையாப் பார்க்கறவங்களாத் தேடிப் பொறுக்கி எடுத்த குழு அது. நீர்மூழ்கியை அதோட சத்தத்தை வெச்சு இல்லாம வேற வழியில கண்டுபிடிக்கிற கருவி சோவியத்கிட்ட இருக்கறதுக்கு ஆதாரமே கிடைக்கல. சரி இல்லன்னு விட்டுட்டாங்களா? இல்ல, இவ்ளோ நாள் ஆராய்ச்சி பண்ணிட்டு ஒண்ணும் வெக்காம இருப்பாங்களா, நமக்குத் தெரியாம ஏற்கனவே வெச்சிருக்கலாம்னு எழுதினாங்க. ஆதாரம் இல்லாததே ஆதாரம் ஆயிடுச்சு. அவங்க பயம் காட்டினதுல நிறைய விஷயம் மிகைன்னு பின்னாடி தெரிஞ்சுது, ஆனா அதுக்குள்ள அந்த ரிப்போர்ட் அரசியல்ல ஆயுதமா மாறிடுச்சு.

அதனால செமினார்ல இதையும் அவசியம் வைங்க தம்பி. முன்கூட்டியே ஒரு முடிவோட இருக்கறவங்களை மட்டும் பொறுக்கிப் போட்டா அதுக்கு ரெட் டீம்னு பேர் வெக்கறதே தப்பு.

நிலாமுற்றம்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், பால விஷயத்தை அனுமதி கொடுத்தா அப்படியே சொல்லிக்கறேன் சார். ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கு. ஆபீஸ்ல ஒருத்தரை நீதான் எதிர்த்துப் பேசற ஆளுன்னு நியமிச்சா, கொஞ்ச நாள்ல அவர் பேச்சை யாரும் காதுல வாங்க மாட்டாங்களே? அதை எப்படித் தடுக்கறது?

பழைய வரைபடம்:

தாராளமா சொல்லுங்க தம்பி.

மறுபக்கம்:

கண்டிப்பா நடக்கும், நடந்தும் இருக்கு. வியட்நாம் போர் நேரத்துல அமெரிக்க வெளியுறவுத் துறையில துணைச் செயலரா இருந்த ஜார்ஜ் பால் படையை அனுப்பாதீங்கன்னு ஜனாதிபதி ஜான்சனுக்கு விடாம எழுதினாரு. மனசார நம்பித்தான் எழுதினாரு. ஆனா அங்க அவரை டெவில்ஸ் அட்வகேட்னு, அதாவது வாதத்துக்காக எதிர்த்துப் பேசற ஆளுன்னு, ஒரு சீட்டுல உக்கார வெச்சிட்டாங்க, அவர் பேசி முடிச்சதும் எதிர்த்தரப்பையும் கேட்டாச்சுன்னு எல்லாருக்கும் ஒரு நிம்மதி, முடிவு மட்டும் மாறவே இல்ல. இடிச்சுச் சொல்ல ஒரு ஆளைப் பக்கத்துல வெச்சிருக்கறது வேற, அவன் சொல் உள்ள இறங்கறது வேற.

எனக்குத் தெரிஞ்ச வழி, ஆளை விட்டுட்டு அனுமானத்தைப் பிடிக்கறது. 1973ஐயே பாருங்க. தூரத்துல இருக்கற விமானத் தளங்களை அடிக்கிற விமானமோ ஏவுகணையோ கிடைக்காத வரைக்கும் எகிப்து போருக்கு வராது, எகிப்து இல்லாம சிரியா தனியா வராது, இவ்ளோதான் இஸ்ரேல் உளவுத்துறையோட நம்பிக்கை. ஆரம்பத்துல இது தப்பே இல்ல. ஆனா 1972 கடைசில எகிப்து ஜனாதிபதி சாதத் மனசு மாறிட்டாரு, சூயஸ் கால்வாயைத் தாண்டி கொஞ்ச நிலம் பிடிச்சா போதும், அதுக்கு விமான எதிர்ப்பு ஏவுகணைகளோட குடை இருந்தா போதும்னு முடிவு பண்ணிட்டாரு. இஸ்ரேல் பக்கம் பழைய நம்பிக்கை அப்படியே இருந்துச்சு. போருக்கு ரெண்டு நாள் முன்னாடி சோவியத் ஆலோசகர்களோட குடும்பங்கள் அவசர அவசரமா எகிப்தையும் சிரியாவையும் விட்டுக் கிளம்புறாங்க, அதைப் பார்த்தும் போருக்கு வாய்ப்பு கம்மின்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க.

அந்த நம்பிக்கைய ஒரு தாள்ல எழுதி, பக்கத்துலயே எது நடந்தா இதைக் கைவிடுவோம்னு முன்கூட்டி எழுதி வெச்சிருந்தா, அந்தக் குடும்பங்கள் விமானம் ஏறின அன்னிக்கு யாராவது அந்தத் தாளை எடுத்து மேலதிகாரி முன்னாடி வெச்சிருக்க முடியும். அதுக்கு அவர் கையெழுத்துப் போட்டுப் பதில் எழுதியாகணும். செமினார்ல பத்து நிமிஷம் ஒதுக்கி, அங்க இருக்கறவங்களையே அந்தத் தாளை எழுத வைங்க, 1973 செப்டம்பர்ல உக்காந்திருக்கற மாதிரி. என்ன எழுதினாங்கன்னு இங்க வந்து சொல்லுங்க, எனக்கும் தெரிஞ்சுக்க ஆசை.