கணினியைக் கண்காணிக்க மென்பொருள் நிறுவப் போய்… உங்கள் அனுபவம் என்ன?

மண்டிப் பக்கம்:
கீழமாசி வீதியில் ஒரு மளிகை மண்டி. சாயங்காலமானால் பில் போடும் லினக்ஸ் சர்வர் படுத்துவிடும். புது பிராசசர் வாங்கச் சொல்லி யாரோ கொட்டேஷனும் கொடுத்திருந்தார். கணினியில் ஓடுவதை எல்லாம் காட்டும் ஹெச்டாப் நிறுவித் திறந்தேன். லோடு, அதாவது முடியாமல் வரிசையில் நிற்கும் வேலைகளின் சராசரி, 14; பிராசசர் உழைப்பதோ 4 சதவீதம். பில் புரோகிராம்கள் எல்லாம் 'டி' நிலையில், அதாவது நகர முடியாமல் தடைபட்டு, நிற்கின்றன. அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையில் விரலை வைத்தார்.
"நான்குதானா? மீதி நேரம் என்ன செய்கிறது, தம்பி?"
"ஹார்டு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது, அண்ணாச்சி."
"அட, நம் கடைப் பையன்கள் மாதிரி!"
புரிந்துகொண்டார் என்றுதான் நினைத்தேன். மறு வாரம் போனால் புது பிராசசர், புது மெஷின். உள்ளே அதே பழைய டிஸ்க். இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

திருமங்கலத்துக்காரன்:
லோடு 14 என்று பதறவே வேண்டாம். லினக்ஸில் அந்த எண், டிஸ்க்குக்காகத் தடைபட்டு நிற்பவற்றையும் சேர்த்துத்தான் வரும். ஹெச்டாப் அந்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். சாயங்காலம் நடந்ததை மறுநாள் காலையில் பார்க்க, அதைப் பதிவு செய்து வைக்கும் சிஸ்ஸ்டாட் வேண்டும். அதையும் நிறுவினால் மட்டும் போதாது. உபுண்டு 20.04 லினக்ஸில் பதிவு செய்வது அணைந்தே கிடக்கும். அமைப்புக் கோப்பில் 'ஃபால்ஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்கி, சர்வீஸை மறுபடி தொடங்க வேண்டும். பிறகு 10 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவாகும். டிஸ்க் கணக்கைத் தனியே எடுத்து, அச்சிட்டு, அண்ணாச்சியின் மேசையில் வைத்திருக்கலாம். என் அனுபவமா? ஒரு கல்லூரியில் நிறுவினேன். ஓடுகிறது.

டிடிபி நண்பன்:
அச்சிட்டுக் கொடுக்கச் சொல்பவர் மண்டிக்குள் கால் வைத்ததில்லை போலும்!
டவுன்ஹால் ரோடு டிடிபி கடை, மே மாதம், ஏசி கிடையாது. விண்டோஸ் மெஷின் திணறியது. பிராசசரின் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப் நிறுவினேன், 97 டிகிரி. கடைக்கார அக்கா எட்டிப் பார்த்தார். "நீங்கள் இதைப் போட்ட பிறகுதான் தம்பி சூடாகிறது. முதலில் எடுங்கள்." பக்க மூடியைக் கழற்றிக் காட்டினேன். ஃபேனுக்கு அடியில், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் காகிதத் தூசி கெட்டியாக அடைந்திருந்தது. அக்கா அதைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்க அந்த 97-இல்தான். தூசியை ஊதினேன், அவர் சொன்னபடி மென்பொருளையும் நீக்கினேன். மறுநாள் போன்: "சொன்னேன் அல்லவா? அதை எடுத்ததும் மெஷின் பறக்கிறது!"

தல்லாகுளம்:
நீங்களாவது பரவாயில்லை. நான் ஓர் அலுவலகத்தில், சர்வரின் நிலையை பிரௌசரில் கோடுகளாகக் காட்டும் நெட்டேட்டா நிறுவி, எல்லோரும் பார்க்க அதன் 19999 போர்ட்டை உள் நெட்வொர்க்கில் திறந்து வைத்தேன். நொடிக்கு நொடி கோடு ஏறி இறங்குவதில் மேனேஜர் சொக்கிப்போய், அதற்கென்றே வரவேற்பறையில் ஒரு மானிட்டர் வைத்துவிட்டார். பேக்கப் ஓடுவது இரவு 11 மணிக்கு. அப்போதெல்லாம் வாட்ச்மேனிடமிருந்து எனக்கு போன் வரும்.
"சார், கோடு உச்சிக்குப் போய்விட்டது."
"பேக்கப் ஓடுகிறது, ஐயா. அப்படித்தான் போகும்."
"இறங்கும்வரை லைனிலேயே இருங்கள், சார். மேனேஜர் உத்தரவு."