ஏ.ஐ.எஸ்.ஸை அணைத்த கப்பலை ரேடார் காட்டிக்கொடுக்குமா?

பிக்சல்பித்தன்:
2024 ஜனவரியில் நேச்சர் இதழில் வந்த ஆய்வைப் பார்த்தீர்களா? 2017 முதல் 2021 வரையிலான செயற்கைக்கோள் படங்களை அலசி, பெரிய மீன்பிடிக் கப்பல்களில் நான்கில் மூன்று பங்கு பொதுக் கண்காணிப்பில் வருவதே இல்லை என்கிறார்கள். ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் ரேடாருக்கு இருட்டும் மேகமும் ஒரு பொருட்டே இல்லை. மலாக்கா நீரிணைப் படம் ஒன்றை நானே அலசி ஒட்டியிருக்கிறேன். கப்பல் தன் பெயரையும் இடத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும் கருவிதான் ஏ.ஐ.எஸ்.; அந்தப் பதிவோடு பொருந்தாதவற்றுக்குச் சிவப்பு வட்டம் போட்டேன். ஏழும் திருட்டுக் கப்பல்கள்.

கடலோடி:
ஏழும் திருட்டா? எப்படிச் சொல்கிறீர்கள்? பல நாடுகளில் மீன்பிடிப் படகுக்கு ஏ.ஐ.எஸ். கட்டாயமே இல்லை. கொள்ளையர் பயம் உள்ள இடத்தில் கேப்டனே அணைத்துவைக்க விதி இடம் தருகிறது. கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் நின்று வேலை பார்த்தவன் சொல்கிறேன், ரேடார் படத்தில் கப்பலாகத் தெரியும் உங்கள் வெள்ளைப் புள்ளியில் பெயரும் கிடையாது, கொடியும் கிடையாது.

பிக்சல்பித்தன்:
பெயர் வேண்டாம், ஆள் இருப்பது தெரிந்தால் போதாதா? வட கொரியக் கடலில் 2017இல் 900க்கும் மேற்பட்ட சீனக் கப்பல்கள் மீன்பிடித்தது இப்படித்தானே வெளியே வந்தது?

கடலோடி:
அங்கே ரேடாரோடு சாதாரணப் படம், இரவு விளக்கு வெளிச்சம், ஏ.ஐ.எஸ். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். நான்கு சாட்சி. உங்களிடம் இருப்பது ஒன்று.

அலைவரிசை:
இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு, அந்தப் படத்தில் மூன்றாவது வட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கப்பல் கிழித்துப்போன தடம் கறுப்புக் கோடாக நீள்கிறது. கப்பல் அதன் நுனியில் இல்லை, தள்ளி மிதக்கிறது. ரேடாரை நோக்கியோ விலகியோ நகரும் கப்பலை டாப்ளர் விளைவு இப்படி இடம் மாற்றிக் காட்டும். அந்தத் திசையில் வினாடிக்கு 4 மீட்டர் வேகம் இருந்தாலே ஏறக்குறைய 450 மீட்டர் விலகல். இதைச் சரிசெய்யாமல் ஏ.ஐ.எஸ்.ஸோடு பொருத்தினால், ஒழுங்காகப் பெயர் சொல்லிப் போகிறவனும் திருடன்தான். அப்புறம், ஏ.ஐ.எஸ். பதிவை எந்த நேரத்துக்கு எடுத்தீர்கள்?

பிக்சல்பித்தன்:
படம் எடுத்ததற்கு ஆறு நிமிடம் முன்னால் உள்ளது. அதற்குள் எவ்வளவு தூரம் போயிருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

கடலோடி:
12 நாட் (மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர்) வேகத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும் ஐயா!

பிக்சல்பித்தன்:
சரி, இரண்டையும் திருத்திவிட்டு வந்தேன். நான்கு கப்பலுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. வட்டத்தை அழித்துவிட்டேன். மிச்சம் மூன்று. அவற்றை விடமாட்டேன்.